ஒன்பது வயதுப் பையனின் இழுப்புக்குப் பாதரசம் காரணமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். மகனுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதிலிருந்தே அடிக்கடி வீசிங், ஆஸ்துமா என்று உறுதியாகி இப்போது தினமும் இன்ஹேலர். இரண்டு வருடத்துக்கு முன் அவன் படுக்கும் அறையில் ஒரு பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தது. வாரத்தில் இரண்டு நாள் மீன் சாப்பிடுகிறான். உடம்பில் பாதரசம் கொஞ்சம் இருந்தாலே பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வர வாய்ப்பு கூடும் என்று எங்கோ படித்ததிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. இரத்தத்தில் பாதரசம் பார்க்க வேண்டுமா, மீனை நிறுத்திவிடலாமா, உலோகத்தை வெளியேற்றும் டீடாக்ஸ் சிகிச்சை என்று ஒருவர் சொல்வதைச் செய்யலாமா, இப்போது வயிற்றில் இருக்கும் அடுத்த குழந்தைக்கு என்ன செய்வது, இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஹேலரை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். டீடாக்ஸ் வேண்டவே வேண்டாம். மீனை நிறுத்த வேண்டியதில்லை, எந்த மீன் என்று மட்டும் பார்த்தால் போதும். இரத்தப் பரிசோதனை நீங்கள் எழுதியிருக்கிற அளவில் தேவைப்படாது. ஆனால் அந்த உடைந்த தெர்மாமீட்டரைப் பற்றி மட்டும் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன, ஏனென்றால் நீங்கள் மீனைப் பற்றி நான்கு பத்தி எழுதிவிட்டு அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் குழந்தைகளின் நுரையீரல் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன், பாதரசம் பற்றிக் கவலையோடு வரும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கவலை தப்பான இடத்தில்தான் இருக்கும்.

பாதரசம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உடம்பைப் பொறுத்தவரை அது மூன்று வேறு வேறு பொருள். தெர்மாமீட்டரில் வெள்ளி உருண்டையாக ஓடுகிறதே, அது தனிமப் பாதரசம். அதை விழுங்கினால் குடலில் கிட்டத்தட்ட ஒன்றுமே ஏறாது, பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் அதே பொருள் ஆவியாகி மூச்சில் போனால் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். அடுத்தது உப்பு வடிவம், சில தோல் வெளுப்பாக்கும் கிரீம்களில் இருப்பது அதுதான். அது முக்கியமாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். மூன்றாவது மெத்தில் பாதரசம். நிலக்கரி எரிப்பதிலிருந்தும் தங்கச் சுரங்கங்களிலிருந்தும் காற்றில் போகும் பாதரசம் நீரில் விழுந்து, அடிச்சேற்றில் உள்ள பாக்டீரியாவால் மெத்தில் பாதரசமாக மாறி, சின்ன உயிரிலிருந்து சின்ன மீன், சின்ன மீனிலிருந்து பெரிய மீன் என்று சேர்ந்துகொண்டே போகும். நாம் சாப்பிடும்போது அதில் 95 சதவீதம் அளவுக்குக் குடலில் ஏறிவிடும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிப் பயம் வருகிறது, மீதி இடத்தில் வர வேண்டிய பயம் வராமல் போகிறது.

சரி, நீங்கள் படித்த ஆஸ்துமா விஷயம். அது பெரும்பாலும் தென் கொரியாவில் நடந்த தொடர் ஆய்வாக இருக்க வேண்டும். 2005 முதல் 2010 வரை, 4,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள். ஏழு, எட்டு வயதில் இரத்தம் எடுத்துப் பாதரச அளவு பார்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதே பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் இரத்தப் பாதரசம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் பின்னாளில் வீசிங்கும் ஆஸ்துமாவும் ஓரளவு அதிகம் காணப்பட்டன. பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொண்டதோடு விடாமல், மூச்சுக்குழாய் எவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்பதையும் பார்த்தார்கள், அதிலும் தொடர்பு தெரிந்தது. மெத்தகோலின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாக முகரவைத்து ஒவ்வொரு தடவையும் ஊதச் சொல்லிப் பார்க்கிற இந்தச் சோதனையை நானே எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். அம்மா என்ன நினைக்கிறார், பிள்ளை என்ன சொல்கிறது என்பதையெல்லாம் தாண்டி மூச்சுக்குழாயே நேரடியாகச் சொல்கிற பதில் அது. அதனால் இந்த ஆய்வை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். விஷ அளவு என்று யாரும் சொல்லாத, சாதாரணமாக மீன் சாப்பிடும் ஒரு சமூகத்தில் காணப்படும் அளவிலேயே தொடர்பு தெரிகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. ஜப்பானில் ஒசாகா பகுதியில் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்த ஆய்வு ஒன்றில் முடியில் உள்ள பாதரசத்தை அளந்தார்கள், அங்கே பாதரசத்துக்கும் வீசிங்குக்கும் தொடர்பு தெரியவில்லை. ஜப்பானியர்களும் கொரியர்களைப் போல நிறைய மீன் சாப்பிடுகிறவர்கள்தான். அதாவது கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. ஒரு ஆய்வில் தொடர்பு தெரிந்து இன்னொன்றில் தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் உங்கள் பாதிக் கவலை குறையும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரத்தத்தில் மொத்தப் பாதரசம் அளந்தால் அதில் பெரும்பகுதி மீனிலிருந்து வந்த மெத்தில் பாதரசம். அப்படியென்றால் அந்த எண் பாதரசத்தை மட்டும் அளக்கவில்லை, அந்தப் பிள்ளை எவ்வளவு மீன் சாப்பிடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் அளக்கிறது. மீனில் பாதரசம் மட்டுமா இருக்கிறது? ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது, அது அழற்சியைக் குறைக்கும் பக்கம் வேலை செய்வது. செலினியம் இருக்கிறது, அது பாதரசத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும் தன்மை உள்ளது. ஆக ஒரே தட்டில் கெடுதல் செய்யக்கூடியதும் நல்லது செய்யக்கூடியதும் சேர்ந்து வருகின்றன, இரண்டையும் புள்ளிவிவரத்தில் பிரித்தெடுப்பது சிரமம். இன்னொரு பக்கம், மீனே இல்லாமல் காற்று வழியாக வரும் சிக்கல். நிலக்கரி எரிக்கும் மின்நிலையத்துக்குப் பக்கத்தில் வாழும் பிள்ளைக்குப் பாதரசம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் அந்தப் புகைபோக்கியிலிருந்து நுண்துகளும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்துதான் வருகின்றன, இவை ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது நன்றாகத் தெரிந்த உண்மை. அங்கே பழியைப் பாதரசத்தின் மேல் மட்டும் போடுவது சரியாகாது. இதுபோக ஈயம், வீட்டில் சிகரெட் புகை, குடும்பத்தின் வருமானம் என்று எதை எதைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து விடை கொஞ்சம் நகரும்.

அப்படியானால் தொடர்பு வெறும் தற்செயலா என்றால், அதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். உடம்புக்குள் வழி இருக்கிறது. பாதரசம் கந்தகத்தைக் கண்டால் விடாது. நம் செல்கள் ஆக்சிஜனேற்றத்தைச் சமாளிக்கப் பயன்படுத்தும் குளுட்டத்தயோன் என்ற பொருளில் கந்தகம் இருக்கிறது, பாதரசம் அதில் போய் ஒட்டிக்கொண்டு அந்தக் காவலைக் குறைத்துவிடும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பக்கம். பிரவுன் நார்வே என்ற ஒரு வகை எலிக்குப் பாதரசக் குளோரைடு கொடுத்தால் அதன் இரத்தத்தில் ஐஜிஇ ஏகமாக ஏறும், ஆய்வகங்களில் இது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஐஜிஇ என்றால் ஒவ்வாமைக்கான எதிர்ப்பொருள், உங்கள் பையனுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை செய்திருந்தால் அந்தத் தாளில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சோதனைக் குழாயில் வைத்த செல்களிலும் பாதரசம் இன்டர்லூக்கின்-4 என்ற சமிக்ஞையைக் கூட்டுவது தெரிந்திருக்கிறது, ஒவ்வாமையின் பாதையைத் திறந்துவிடும் சமிக்ஞை அது. ஆனால் எலிக்கு ஊசியில் கொடுத்தது உப்பு வடிவம், அளவும் மிக அதிகம். வேறு எலி வகைகளுக்குக் கொடுத்தால் அதே விளைவு வருவதும் இல்லை. வாரத்தில் இரண்டு தடவை மீன் சாப்பிடும் பிள்ளையின் உடம்பில் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு எண் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இது ஆய்வில் வந்த எண் இல்லை, புரிவதற்காக நானே போடுவது. நூறு பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு காரணம் அந்த வாய்ப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டுகிறது என்றால் பத்து பன்னிரண்டாகும். ஒரு நாட்டை நிர்வகிப்பவருக்கு இது பெரிய எண், லட்சக்கணக்கான பிள்ளைகளில் அந்த இரண்டு பேர் எவ்வளவு ஆகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புகைபோக்கிகளைக் கட்டுப்படுத்த அது போதுமான காரணம். ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள ஒரு பையனின் அம்மாவுக்கு இந்த எண் எதையும் சொல்லவில்லை. அவன் கூடுதலாக வந்த இரண்டில் ஒருவனா, எப்படியும் வந்திருக்கும் பத்தில் ஒருவனா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தாலும் சிகிச்சை மாறாது.

இப்போது தெர்மாமீட்டருக்கு வருகிறேன். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர், உயரம் மூன்று மீட்டர் உள்ள அறை 36 கன மீட்டர். அந்த ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரே ஒரு மில்லிகிராம் மட்டும் ஆவியாகி மூடிய அறைக்குள் நின்றால் ஒரு கன மீட்டருக்கு 28 மைக்ரோகிராம் அளவு வரும். உலக சுகாதார நிறுவனம் நீண்ட கால சுவாசத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 1 மைக்ரோகிராம். சன்னல் திறந்திருந்தால் இவ்வளவு நிற்காது என்பது உண்மைதான், ஆனால் உருண்டைகள் தரை இடுக்கிலோ, விரிப்பிலோ, மெத்தையின் ஓரத்திலோ தங்கிவிட்டால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், அறை சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. தரையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளையின் மூக்கு அந்த இடத்துக்கு நம் மூக்கைவிட எவ்வளவோ கிட்டத்தில் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இவை. உடைந்தபோது எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? துடைப்பத்தால் பெருக்கினீர்களா? வாக்குவம் கிளீனர் போட்டீர்களா? அந்த இடத்தில் விரிப்பு இருந்ததா, அது இன்னும் அங்கேயே இருக்கிறதா? பெருக்கினால் ஒரு உருண்டை நூறு உருண்டையாகிப் பரவும். வாக்குவம் போட்டால் அதன் சூட்டில் பாதரசம் ஆவியாகி வீடு முழுக்கப் போகும், அந்தக் கருவியும் அதற்குப் பிறகு பயன்படுத்தத் தகுந்ததில்லை. வழவழப்பான தரையில் விழுந்து, உருண்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சன்னலைத் திறந்து வைத்திருந்தீர்கள் என்றால் இரண்டு வருடம் கழித்துக் கவலைப்பட எதுவும் இல்லை. உடம்பில் ஏறிய பாதரசம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். இரண்டு வருடத்தில் பன்னிரண்டு தடவை பாதியாகியிருக்கும், அதாவது நாலாயிரத்தில் ஒரு பங்கு. விரிப்பு அங்கேயே இருக்கிறது என்றால் அதை உதறாமல் சுருட்டி, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆபத்தான கழிவுகளை வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். இனி எப்போதாவது உடைந்தால் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பி, அறைக் கதவைச் சாத்தி, வெளிப்பக்கச் சன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளைத் தள்ளிச் சேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும். மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுக்கலாம். டார்ச் லைட்டைத் தரையோடு சாய்த்து அடித்தால் கண்ணுக்குத் தப்பிய உருண்டை மின்னும். பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது.

பாதரச ஆவி நுரையீரலுக்கு நேரடியாகவே கெடுதல் செய்யும், ஆஸ்துமா விவாதத்தில் இது எப்படியோ மறந்துபோய்விடுகிறது. பாதரசத்தைச் சூடுபடுத்தும் இடத்தில், உதாரணமாகத் தங்கம் பிரிக்க அதைக் கொதிக்கவைக்கும் வீடுகளில், சில மணி நேரத்துக்குள் இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், நெஞ்சுவலி என்று ஆரம்பித்து நுரையீரல் வீங்கிவிடும், சின்னப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். முதல் பார்வைக்கு அது கடுமையான ஆஸ்துமா போலவோ நிமோனியா போலவோ தெரியலாம், அதனால் பாதரசம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று வீட்டார் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த எண்ணம் வரும். குறைந்த அளவில் பல வாரம் சுவாசித்தால் வரும் தோற்றம் வேறு: கையும் காலும் சிவந்து உரிவது, ஓயாத அரிப்பு, விடாத வியர்வை, இரத்த அழுத்தம் ஏறுவது, வெளிச்சம் கூசுவது, சதைகள் தளர்வது, சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை எதற்கெடுத்தாலும் சிணுங்குவது. இதற்கு அக்ரோடினியா என்று பெயர். ஒரு காலத்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில் பாதரச உப்பு இருந்ததால் இது பல நாடுகளில் பரவலாக இருந்தது, 1950-களில் அந்தப் பொடிகளை விலக்கியதும் அநேகமாக மறைந்தது. உங்கள் பையனுக்கு இதில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-களிலிருந்து பல பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் ரப்பர் போல மெத்தென்று இருக்கும் ஒரு வகைப் பாலியூரித்தேன் தரை போட்டார்கள். அதை இறுக வைக்கப் பாதரசச் சேர்மம் ஒன்றைக் கலந்தார்கள், தரை பழசாகும்போது அதிலிருந்து பாதரச ஆவி மெல்ல மெல்ல வெளியே வரும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட தரைகளை அளந்து பார்த்துச் சில இடங்களில் பெயர்த்தே எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இழுத்து இழுத்து மூச்சுவிடும் இடம் அது என்பதால் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. உங்கள் பையனின் பள்ளியில் அப்படிப் பழைய தரை இருந்தால் காற்றோட்டம் எப்படி என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அறிவியல் கூடத்தில் பழைய பாரோமீட்டர், பாட்டிலில் பாதரசம் எதுவும் மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பளபளப்பாக ஓடுவதால் அதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்த பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. 2013-ல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, அதாவது பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம், பாதரசத் தெர்மாமீட்டரையும் பிபி கருவியையும் தயாரிப்பதற்கு 2020-ஐக் கெடுவாக வைத்தது. ஆனால் அலமாரியில் ஏற்கெனவே இருப்பவை இருந்துகொண்டுதான் இருக்கும்.

பரிசோதனை எப்போது தேவை? ஆவியைச் சுவாசித்திருக்கக் காரணம் இருந்தால், அதுவும் சமீபத்தில் என்றால், சிறுநீரில் பார்க்க வேண்டும். பெரிய மீனாகவே அடிக்கடி சாப்பிடும் பிள்ளை என்றால் இரத்தத்தில் பார்க்கலாம். எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்தால் வரும் எண்ணை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனைகளில் பாதரசம் இல்லாததற்குக் காரணம் அதுதான். ஒன்றை மட்டும் கட்டாயம் மறுத்துவிடுங்கள்: உலோகத்தை இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு சிறுநீரை அளக்கும் சோதனை. அந்த மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடும், உங்களுக்கும் எனக்கும் கூடும். அதை மருந்து கொடுக்காத ஆட்களின் அளவோடு ஒப்பிட்டு உங்கள் பிள்ளை உடம்பில் விஷம் என்று தாள் அடித்துக் கொடுப்பார்கள். நச்சியல் மருத்துவர்களின் அமைப்புகள் இதை வெளிப்படையாகவே எதிர்த்திருக்கின்றன.

டீடாக்ஸ் பற்றி நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிரிவுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன், ஏறக்குறைய உங்கள் மகன் வயதுதான், நன்றாக இருந்தான், ஊதும் சோதனையில் எண்கள் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டிருந்தன. உடம்பில் உலோகம் இருக்கும்வரை இன்ஹேலர் வேலை செய்யாது என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டில் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டு மூன்று மாதம் ஏதோ சிகிச்சை எடுத்தார்கள். ஒரு சளி வந்தது, அவ்வளவுதான், தீவிர சிகிச்சைப் பிரிவில் போய் முடிந்தது. பிழைத்துவிட்டான். அவன் அம்மா அலட்சியமானவர் இல்லை, உங்களைப் போலவே இரவெல்லாம் படித்துத் தேடியவர். உலோகத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்மையான பாதரச நஞ்சுக்கு உயிர் காப்பவை, ஆனால் அவை உடம்புக்குத் தேவையான துத்தநாகம் போன்ற தாதுக்களையும், சில வகைகள் கால்சியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 2005-ல் அமெரிக்காவில் தேவையில்லாமல் இப்படிக் கொடுத்ததில் கால்சியம் விழுந்து ஒரு சிறுவன் இறந்தான்.

இன்னொரு பக்கம், உலகின் பல பாரம்பரிய வைத்திய முறைகளில் பாதரசமோ சாதிலிங்கமோ (பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது) சேர்த்துச் செய்யும் மருந்துகள் இருக்கின்றன, அவற்றில் சில மூச்சிரைப்புக்கே கொடுக்கப்படுகின்றன. பாதரசத்துக்குப் பயந்து மீனை நிறுத்திவிட்டு, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத ஒரு பொடியைப் பிள்ளைக்குத் தினமும் கொடுப்பது நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாராவது தோல் வெளுக்கும் கிரீம் பயன்படுத்துகிறார்களா என்பதையும் பாருங்கள். மினமாட்டா உடன்படிக்கை கிரீமுக்கு முதலில் வைத்த வரம்பு ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம், சந்தையில் பிடிபட்ட சிலவற்றில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருந்திருக்கிறது. பூசுகிறவரின் கையிலிருந்தும் துண்டிலிருந்தும் அது பிள்ளைக்குப் போகும்.

தடுப்பூசியையும் பல் அடைப்பையும் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் போவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். சில தடுப்பூசிக் குப்பிகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் தயோமெர்சாலில் இருப்பது எத்தில் பாதரசம், மீனில் உள்ளதைவிட மிக வேகமாக உடம்பைவிட்டுப் போய்விடும், அதற்காக எந்த ஊசியையும் தள்ளிப்போட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி மற்றவர்களைவிட இன்னும் முக்கியம். வெள்ளி நிற அடைப்பில் பாதிக்குப் பாதி பாதரசம்தான் என்றாலும், பிள்ளைகளை வைத்துச் செய்து 2006-ல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில் அதனால் நரம்புக்கோ சிறுநீரகத்துக்கோ கெடுதல் தெரியவில்லை. இருப்பதைத் தோண்டி எடுத்தால்தான் ஆவி அதிகம் வரும். புதிதாக அடைக்கும்போது வேறு பொருள் கேளுங்கள், போதும்.

உங்கள் பையனுக்கு இரவில் இருமல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதரசத்தைவிட எனக்கு அதுதான் கவலை. தினமும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று இரவு இருமல் என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) வைத்துத்தான் எடுக்கிறானா, மருந்தை அழுத்தியதும் மெதுவாக உள்ளிழுக்கிறானா, எடுத்த பிறகு வாய் கொப்பளிக்கிறானா என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் ஏகப்பட்ட பேர் மருந்தில் பாதியைத் தொண்டையிலேயே விட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால், அது பால்கனியில் நின்று பிடிப்பதாகவே இருந்தாலும், பாதரசத்தைவிட எத்தனையோ மடங்கு உறுதியான காரணம் அது. சுவரில் பூஞ்சை, மெத்தையில் தூசிப்பூச்சி, காற்றோட்டம் இல்லாத சமையலறையில் கேஸ் அடுப்பு, பரபரப்பான சாலையோரப் புகை, இவைதான் அவன் மூச்சை நாள்தோறும் தொடுபவை.

கடைசியாக மீனும் வயிற்றுக் குழந்தையும். சுறா, வாள்மீன், மார்லின், பெரிய சூரை போன்ற பெரிய வேட்டை மீன்களைப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். மத்தி, நெத்திலி, சால்மன் போன்றவற்றில் பாதரசம் குறைவு, ஒமேகா-3 நிறைய. அமெரிக்க அரசின் பரிந்துரைப்படி எட்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 85 கிராம், வாரத்தில் இரண்டு வேளை. கர்ப்பிணிக்கு வாரத்தில் சுமார் 225 முதல் 340 கிராம் வரை. உங்கள் வீட்டுப் பழக்கம் இதற்குள்தான் இருக்கிறது.

மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் கருவின் மூளையைப் பாதிக்கும் என்பது ஜப்பானின் மினமாட்டாவில் கண்கூடாகத் தெரிந்தது, ஆலைக் கழிவால் நஞ்சான மீனைச் சாப்பிட்டவர்களுக்கு 1956-ல் அங்கே நோய் வெளிப்பட்டபோது தாய்க்கு அவ்வளவாகத் தெரியாமல் பிறந்த குழந்தைக்கு முழுதாகத் தெரிந்த வீடுகள் இருந்தன. அதனால் பெரிய மீன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆனால் எல்லா மீனையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்வதற்கு, உங்கள் கேள்வியோடு நேராகச் சம்பந்தப்பட்ட ஒரு காரணம் இருக்கிறது. டென்மார்க்கில் எழுநூற்றுச் சொச்சம் கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் கடைசி மூன்று மாதம் மீன் எண்ணெய் கொடுத்தார்கள், மறு பாதிக்கு அது இல்லாத எண்ணெய். 2016-ல் முடிவு வந்தது. மீன் எண்ணெய் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் விடாத வீசிங் அல்லது ஆஸ்துமா சுமார் 17 சதவீதம், மற்றவர்களில் சுமார் 24 சதவீதம். ஏற்கெனவே இரத்தத்தில் ஒமேகா-3 குறைவாக இருந்த தாய்மாரிடம்தான் பலன் அதிகம் தெரிந்தது. அவர்களுக்குக் கொடுத்தது ஒரு நாளைக்கு 2.4 கிராம், நீங்களாக அவ்வளவு மாத்திரை எடுக்க வேண்டாம், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன மீன் மட்டும் தட்டில் இருக்கட்டும். அந்த அறையில் விரிப்பு இருந்ததா என்பதை மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.